விலாசம் இல்லாத சாவு

பெத்ரா தோர்மீதா ஊர்க்காரர்கள் எதையும் சந்தேகப்படுவார்கள். மேயரின் சிரிப்பை, பாதிரியாரின் புதுக் காரை, பக்கத்து வீட்டுக் காபித் தூளை. ஒன்றை மட்டும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒலிம்பியோவின் ஒலிபெருக்கிக் கார் சாவு மெட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பினால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். அந்தக் கார் சொன்னால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். முப்பது வருடமாக அது ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அதனால்தான் புதன்கிழமை மாலை அது சொன்னதையும் ஊர் அப்படியே விழுங்கிவிட்டது.

"மலைப்பக்கத்துக் குடும்பம் ஒன்றின் செல்லப் பிள்ளை, ஆறு வயதுச் சிறுவன் மைகன், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் இறைவனடி சேர்ந்தான் என்பதைக் கண்ணீருடன் அறிவிக்கிறோம்."

கிரோட்டா மலைக்காட்டில் ஊளைக்குரங்குகள் செத்து விழுந்ததும், காபித் தோட்டத்து ஆட்கள் இருவர் மஞ்சள் பூத்த கண்களோடு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனதும், அதைப் பார்த்து மிரண்ட ஊர் சுகாதார நிலையத்திலிருந்து தேவாலயம் வரை வரிசை கட்டி நின்றதும் போன வாரக் கதை. அந்த நிலையத்தில் ஊசி போடுகிறவள் ஒலிம்பியோவின் மகள் தல்வா. 'தோர்மீதா இப்போது' என்ற பெயரில் கைபேசியில் செய்திப் பக்கம் நடத்துகிறவன் அவளுடைய தம்பி ஜெனில்சன். ஒரே குடும்பம்தான். அப்பா தெருவில் சொல்வார், மகன் கைபேசியில் சொல்வான், நடுவில் மகள் ஊசியோடு நிற்பாள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வரிசையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அதுவும் நிழலுக்காக.

தல்வா தன் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் தடம் இன்னும் கன்றிப்போய்த் தெரிந்தது. சனிக்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு கிரோட்டாவுக்குப் போனபோது ஒரு பொடியன் கடித்தது. முகம் நிறையப் புள்ளிகள், ஆறு வயது இருக்கும். இரண்டு பேர் பிடித்தும் அடங்காமல் கடித்துவைத்து, ஊசி இறங்கியதும் அவளைக் கெட்ட வார்த்தையில் வைதுவிட்டு ஓடினான். அவன் பெயர் என்னவென்று அவள் கேட்கவில்லை. பதிவேட்டில், அன்று ஊசி போட்டுக்கொண்ட பொடியன்களில் மைகன் என்று மூன்று பேர் இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் அந்த வயதுப் பையன்களில் பாதிப் பேர் மைகன்தான்.

புதன்கிழமையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் புள்ளி முகம் வந்து நின்றது. என் கையால்தானா? இதை யாரிடம் கேட்பது?

தலைமை நர்ஸ் மரிலூசியாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"கிரோட்டாவுக்கு யாராவது போய்ப் பாத்தாங்களா மேடம்?"

"போக வேண்டாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. மாவட்டத்துல கேட்டாச்சு. சாவு எதுவும் பதிவாகலையாம்."

"பதிவாகலைன்னா சாகலைன்னு அர்த்தமா?"

"இதப் பாரு தல்வா. உன் வேலை ஊசி போடறது. பேசறதுக்கு நகராட்சில ஆள் இருக்கு. அவங்க பேசிப்பாங்க."

மரிலூசியா இதைச் சொன்னபோது பஞ்சுப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அடுக்கி வைத்த பெட்டி அது. ஒரு தடவைகூட நிமிர்ந்து தல்வாவின் கண்ணைப் பார்க்கவில்லை. இவளுக்கு ஏதோ தெரியும், மறைக்கிறாள் என்று தல்வாவுக்குப் பட்டது. தெரிந்தது எது என்பதுதான் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் நாயைத் தாண்டிக்கொண்டு நயீரம்மா உள்ளே வந்தாள். கையில் துணி மூடிய கூடை.

"ஏண்டி தல்வா, அந்தப் பிள்ளைய எங்கடி கிடத்தியிருந்தாங்க?"

நயீரம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய மரவள்ளி மாவு பிஸ்கட் இல்லாமல் ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் ராத்திரி கழிந்ததில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றாலும் கூடையோடு போவாள், பேசாமலே கொடுத்துவிட்டு, பேசாமலே அழுதுவிட்டு வருவாள்.

"செய்தி கேட்ட அன்னிக்கே சுட்டு வெச்சுட்டேன். எங்க கொண்டு போறதுன்னுதான் தெரியல. உங்கப்பன் சொல்லவே இல்லியே! கிரோட்டா ஆளுங்களக் கேட்டா மலைக்கு அந்தப் பக்கம் பொவா விஸ்தா ஊர்லங்கறாங்க. பொவா விஸ்தா ஆளுங்களக் கேட்டா கிரோட்டாவுலங்கறாங்க. எல்லாம் நமுத்துப் போச்சுடி."

மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்த தல்வாவின் கை நின்றுவிட்டது.

அப்பாவின் அறிவிப்பு எப்படி இருக்கும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலில் பெயர், பிறகு பட்டப்பெயர், யார் மகன், யார் பேரன். கடைசியில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள், அடக்கம் எத்தனை மணிக்கு. சொல்லப்போனால் அந்தக் கடைசி வரிக்காகத்தான் அறிவிப்பே. இதில் அது இல்லை. ஊரே தடுப்பூசியைப் பற்றி அடித்துக்கொண்டதில் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பிஸ்கட் சுட்டவள் கவனித்திருக்கிறாள்.

"நயீரம்மா, நீங்க போகாத சாவு ஏதாவது உண்டா?"

"எம் புருஷன் சாவுக்குக்கூட லேட்டாத்தான் போனேன். ஆனா போனேன். ஏன் கேக்கறே?"

தல்வா வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மரிலூசியா கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தாள்.

ஒலிம்பியோ வீட்டு முற்றத்தில் காரின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து ஒலிபெருக்கிக் குழாய்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அவர் இவ்வளவு பாசமாகத் தொடுவது அந்தக் குழாய்களைத்தான்.

"அப்பா, மைகன் சாவு யாரு சொல்லி வாசிச்சீங்க?"

"குடும்பம்."

"எந்தக் குடும்பம்?"

"செத்தவன் குடும்பம். என்ன விசாரணை இது? போலீசுல சேந்துட்டியா?"

"எங்க கிடத்தியிருக்காங்கன்னு நீங்க கேக்கலியா?"

துணி நின்றது. ஒலிம்பியோ மெதுவாகக் கீழே இறங்கினார்.

துக்க வீட்டார் கொடுத்ததில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார் என்பது அவருடைய பெருமை. "நாற்பது வருஷம் என்னைப் படுத்தியெடுத்த என் கணவர்" என்று ஒரு விதவை எழுதிக் கொடுத்ததை, குரல் நடுங்காமல் ஊரெல்லாம் வாசித்தவர் அவர். துக்கத்தில் இருப்பவர்களைத் திருத்த நான் யார் என்பார். ஆனால் மாற்ற மாட்டாரே தவிர, கேட்பார். எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்காமல் ஒலிவாங்கியைத் தொட்டதே இல்லை.

"தம்பிதான் கொண்டு வந்தான்," என்றார் கடைசியில். "மலைல தவிச்சுட்டு இருக்காங்க, அவசரம்னு சொன்னான். எம் பையன் சொன்னதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

"ஊர்ல எல்லாரையும் கேப்பீங்க. அவன மட்டும் கேக்க மாட்டீங்க."

"நீ ஏன் இப்படித் துடிக்கறேன்னு எனக்குத் தெரியாதா? ஊசி போட்டது நீ. பிள்ளை சாகலைன்னு ஆயிட்டா உனக்கு நிம்மதி. அதுக்கு எம் பேர இழுக்கறியா?"

தல்வாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் திருப்பிக் கத்தியிருப்பாள்.

"ஆமாம்ப்பா, நிம்மதிதான். நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறி கிரோட்டாவுக்குப் போனாள். வழியில் காடு வாயே திறக்கவில்லை. வழக்கமாக இந்த வளைவில் ஊளைக்குரங்குகளின் சத்தத்தில் பேசினாலே கேட்காது. ஓட்டியவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

குடியிருப்பில் அவள் இறங்கியதும் கதவுகள் சாத்திக்கொண்டன. காபிக்கொட்டை சலித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சல்லடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"வந்துட்டியா? இன்னும் எத்தனை பேர முடிக்கப் போற?"

"செத்தது யாரு வீட்டுலம்மா?"

"பொவா விஸ்தாவுல."

"பொவா விஸ்தாவுக்கு நாங்க இன்னும் போகவே இல்லியே. ஒரு ஊசிகூட அங்க போகல. நீங்க யாராவது சாவப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா? உங்கப்பன் கார் சொல்லுச்சே!"

அப்போது தலைக்கு மேலே கொய்யா மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ ஊசிக் கிழவி! இன்னொரு கை இருக்கில்ல, கடிக்கட்டுமா?"

புள்ளி முகம். வாய் நிறையக் கொய்யா.

"டேய், உன் பேரு என்னடா?"

"மைகன்."

தல்வா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை. பொடியன் பயந்து இறங்கி வந்தான். கடித்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. அவளைச் சமாதானப்படுத்த, மற்ற இரண்டு மைகன்களையும் அவனே தேடி இழுத்துக்கொண்டு வந்தான். ஒருவன் கையில் வாத்து, இன்னொருவன் மூக்கில் சளி. மூவரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சல்லடைப் பெண் இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சல்லடையைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப செத்தது யாரு?" என்று கேட்டாள்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் தல்வா நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

ஜெனில்சன் முன்னறையில் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு கைபேசியோடு பேசிக்கொண்டிருந்தான். நேரலை. கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னான். அடுப்பில் அவரைக்கொட்டை வெந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அப்பாவுக்கு இங்கேதான் சாப்பாடு.

தம்பி மனைவி கெய்லா அவளைக் கண்டதும் கரண்டியோடு ஓடி வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்த ஊசி போட்டா... ஒரு வாரம் கழிச்சுக்கூட காய்ச்சல் வருமா?"

"யாருக்குக் காய்ச்சல்?"

"சும்மாதான் கேக்கறேன்."

"கெய்லா."

கெய்லா அடுப்புப் பானையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பியாவுக்கு."

தல்வா உள்ளறைக்குப் போனாள். தம்பியின் மகள் பியா விழித்துத்தான் படுத்திருந்தாள். நெற்றி லேசாகச் சுட்டது. கண்ணை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். பியா தேவைக்கு மேலேயே நீட்டிக் காட்டினாள்.

"லேசாத்தான் இருக்கு. இந்த ஊசிக்கு இப்படி வர்றது உண்டு, ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். தண்ணி நிறைய குடு. ஆஸ்பிரின் மட்டும் குடுக்காத. காய்ச்சல் ஏறினா உடனே என்னக் கூப்பிடு, எந்நேரமானாலும். எப்ப போட்டீங்க?"

"போன சனிக்கிழமை. நகரத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. இங்க போட்டா ஊருக்குத் தெரிஞ்சுடும், செய்திப் பக்கத்துல ஊசிய சந்தேகமா எழுதிட்டு வீட்டுல ஒரு மாதிரியான்னு கேப்பாங்கன்னு சொன்னாரு." கெய்லா பியாவின் போர்வையை இழுத்து விட்டாள். "புதன்கிழமை அந்தச் சேதி வந்ததும் நான் அழுதுட்டேன் அண்ணி. நம்ம பிள்ளைக்கும் போட்டுட்டமேன்னு. அவரு சிரிச்சாரு. 'லூசு, அதெல்லாம் சும்மா வந்த சேதி, நீ தூங்கு'ன்னு சொன்னாரு."

தல்வாவுக்கு வந்த கோபத்தில் சமையலறைக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. முன்னறைக்குப் போய்த் தம்பியின் காதிலிருந்த கருவியைப் பிடுங்கினாள்.

"சும்மா வந்த சேதின்னு தெரிஞ்சுதானேடா போட்டே?"

"அக்கா! நேரலைல இருக்கேன்!" அவசரமாகக் கைபேசியை அணைத்தான். "என்னக்கா நீ? நான் என்ன செத்தான்னா போட்டேன்? 'இப்படி ஒரு தகவல், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?'னு கேள்விக்குறி வெச்சுத்தான் போட்டேன். போய்ப் பாரு. மெட்டுப் போட்டு ஊரெல்லாம் வாசிச்சது அப்பா."

"நீ குடுத்தத வாசிச்சேன்."

ஒலிம்பியோ வாசலில் தொப்பியோடு நின்றார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்.

"எனக்கு வந்ததத்தான்ப்பா உங்ககிட்ட குடுத்தேன். பையனோட மாமான்னு ஒருத்தர் குரல் செய்தி அனுப்பியிருந்தாரு."

"எங்க கிடத்தியிருக்குன்னு கேட்டியா?"

"கேட்டேன். பதில் இல்ல. கூப்பிட்டேன், எடுக்கல. அதுக்காக உக்காந்திருக்க முடியுமா? நான் போடலைன்னா அடுத்த ஊர்க்காரன் போட்டிருப்பான்."

"அப்ப பியாவுக்கு மட்டும் ஏண்டா ஊசி போட்டே?" என்றாள் தல்வா.

"அது வேறக்கா," என்றான் ஜெனில்சன். "அது நம்ம புள்ள."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அவன் சொன்னது அவனுக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். அக்காவின் முகத்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"ஏன்க்கா, காய்ச்சல் ஒண்ணும் பயமில்லியே?" என்று சின்னக் குரலில் கேட்டான். அதைக் கேட்டுத் தல்வாவுக்கு இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததில் இன்னும் எரிச்சல் வந்தது.

"பயமில்ல. ஆனா இப்ப நீ கேட்ட இந்தக் கேள்விய ஊர்ல எத்தனை அம்மா மனசுக்குள்ள வெச்சுட்டு உக்காந்திருக்காங்க தெரியுமா? அவங்களுக்குப் பதில் சொல்ல அக்கா இல்ல."

ஒலிம்பியோ உட்காரவில்லை. "அந்தக் குரலப் போடு," என்றார்.

ஜெனில்சன் போட்டான். கனத்த ஆண் குரல். அழுதது, ஆனால் அழ வேண்டிய இடங்களில் மட்டும் சரியாக அழுதது. 'குடும்பம்' என்று வரும் இடத்துக்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அரை நொடி நின்று, பிறகு சொன்னது. மலைக்காட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவன் இப்படியா மூச்சு விடுவான்?

"இன்னொரு தடவ."

இரண்டாவது தடவை ஒலிம்பியோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அவர் முகம் மாறியிருந்தது.

"தெரிஞ்ச குரலாப்பா?"

"ம்."

"யாரு?"

"மொதல்ல என் வேலைய முடிச்சுக்கறேன். நீ வந்து வண்டில ஏறு." மகன் பக்கம் திரும்பினார். "டேய், நீ போயி என் வீட்டு வாசல்ல நாற்காலிங்களப் போடு. போட்டுட்டு அங்கேயே உக்காரு."

"எதுக்குப்பா?"

"சாவு வீட்டுல எதுக்குப் போடுவாங்க?"

ஒலிம்பியோ தெருவில் நேரடியாகப் பேசியதே இல்லை. வீட்டில் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்வார், அப்போதுதான் எதிரொலிக்காதாம். இன்று ஒரு கையில் ஒலிவாங்கியும் மறு கையில் ஸ்டியரிங்குமாக நடை வேகத்தில் காரை விட்டார். சாவு மெட்டு எழுந்தது. தொப்பிகள் இறங்கின, வாசல்கள் நிறைந்தன. தல்வா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சாவு அறிவிப்பு," என்றார். "புதன்கிழமை இந்தக் கார் சொன்ன சிறுவன் மைகன் சாகவில்லை. அப்படி ஒரு பிள்ளை இல்லை. கிரோட்டாவில் ஊசி போட்டுக்கொண்ட மைகன்கள் மூன்று பேர். மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். பொவா விஸ்தாவுக்கு ஊசி இன்னும் போகவே இல்லை. கேட்காமல் வாசித்தவன் நான், ஒலிம்பியோ."

ஒரு வாசலில் யாரோ சிரித்தார்கள். இன்னொரு வாசலில் ஒருவர் கழற்றிய தொப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என் மகன் தன் பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டான். உங்கள் பிள்ளைகளைப் போட்டுக்கொள்ள விடாமல் பண்ணினது நாங்கள். செத்தது என் வாக்கு. கிடத்தியிருக்கும் இடம் காம்ப்போ தெரு, தேவாலயத்துக்குப் பின்னால், என் வீடு. என் மகன் வாசலில் இருக்கிறான். கேட்க வேண்டியவர்கள் வந்து கேளுங்கள்."

தெருத் தெருவாக இதையே சொன்னார். மூன்றாவது தெருவில் குரல் உடைந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தல்வாவுக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்று உள்ளே உறுத்தியது. பியாவின் காய்ச்சலை அப்பா சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. ஊரை மறுபடி பயமுறுத்த வேண்டாமே என்று நினைத்தாள். காலையில் மரிலூசியாவும் இப்படித்தானே நினைத்திருப்பாள், பஞ்சை அடுக்கிக்கொண்டு?

வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். நிஜமாகவே சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள், பாதிப் பேர் கறுப்புச் சட்டையில். ஜெனில்சன் நடு நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி நின்று திட்டுகிறவர்கள் திட்டினார்கள். நயீரம்மா கூடையைத் திறந்து பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். விலாசம் சொன்னால் அவள் வந்துவிடுவாள்.

"தின்னுடா," என்று ஜெனில்சனின் கையில் ஒன்றைத் திணித்தாள். "நமுத்ததுக்கு நீதான் காரணம்."

கைக்குழந்தையோடு ஒருத்தி தல்வாவை மறித்தாள். புதன்கிழமை மாலை வரிசையில் அடுத்த ஆளாக நின்று, மெட்டைக் கேட்டதும் திரும்பிப் போனவள்.

"உன் மருமகளுக்குப் போட்டீங்களாமே. ஒண்ணும் ஆகலையே? மறைக்காம சொல்லு."

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது சுலபம். வாய் வரைக்கும் வந்தது.

"இன்னிக்கு லேசாக் காய்ச்சல் இருக்கு," என்றாள் தல்வா. "சில பிள்ளைங்களுக்கு வரும், போயிடும். நானே பாத்துட்டுத்தான் வரேன். ஏறிச்சுன்னா நானே வந்து உங்ககிட்ட சொல்லுவேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. அந்தப் பெண் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா என்னவாம்? காலைல திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும்."

தல்வாவுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகப் பசித்தது. நயீரம்மாவின் கூடைக்குள் கையை விட்டாள். அப்போது தெருமுனையில் நகராட்சியின் வண்டி திரும்பியது. புதிய ஒலிபெருக்கி, உற்சாகமான இசை. ஒரு மாதமாக நாள்தோறும் வருகிற தடுப்பூசி விளம்பரம்தான். யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"தோர்மீதாவின் அன்பான மக்களே! தயங்காதீர்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் உங்கள்..."

மூக்கால் ஒரு மூச்சு. அரை நொடி.

"...குடும்பம்!"

ஜெனில்சன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். கையிலிருந்த பிஸ்கட் நொறுங்கிக் கீழே உதிர்ந்தது. ஒலிம்பியோ மகளைப் பார்த்தார்.

"இத நான் சொன்னா நம்பியிருப்பியா?" என்றார்.

வண்டி அவர்களைக் கடந்து, மைகனுக்காக அழுத அதே குரலில் அதே அன்போடு அடுத்த தெருவுக்குள் போயிற்று. தல்வாவின் வாயில் பிஸ்கட் அப்படியே இருந்தது. பஞ்சுப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் காலையில் மரிலூசியா சொன்னது இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது.

பேசறதுக்கு நகராட்சில ஆள் இருக்கு.